அண்டாவுக்குள் இருந்த குளம்

கடல் ஊருக்குள் வந்து திரும்பிய ஐப்பசிக்குப் பிறகு, கீழ்மடவாயில் மனிதருடைய பசியை இறால் குளத்தின் உப்பு தீர்மானிக்கத் தொடங்கியது. புயல் போகிற போக்கில், கடல்நீரைத் தடுக்க வாய்க்காலின் குறுக்கே கட்டிய சட்ரஸில் உப்பனாற்றை நோக்கியிருந்த இரும்புக் கதவொன்றை வளைத்துவிட்டிருந்தது. கதவு முழுவதும் இறங்காமல் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. அந்த இடைவெளி வழியே ஓதம் ஏறும்போதெல்லாம் கடல் வாய்க்காலுக்குள் வந்து, வாய்க்காலிலிருந்து தில்லைக்கரசியின் குளத்துக்குள் வந்து, அங்கே வளர்ந்த ஆற்று இறால்களைச் சுற்றி மெல்லக் கனத்தது. ஊரார் குடித்ததோ குழாயில் வந்த கொள்ளிடத்துத் தண்ணீர். குளத்து உப்பின் ஒரு துளியும் எவர் நாவிலும் படவில்லை. ஆயினும், தீவனத் தட்டில் இறால்கள் பாதித் தவிட்டை மீதம் விட்ட அதே நண்பகலில், ஊரின் எல்லா வீடுகளிலும் தட்டில் பாதிச் சோறு மீதமாயிற்று.

தில்லைக்கரசி விலங்கியல் படித்தவள். கணவன் இறந்தபின் அவன் விட்டுச் சென்ற குளத்தை அவனைவிட நன்றாக நடத்தியவள். முதலில் அவள் இறால்களுக்கு நோய் என்று எண்ணினாள். வலையில் எடுத்துப் பார்த்தால் ஓடு பளபளத்தது, கால்கள் நீலமாக விறைத்து நின்றன, எடை முந்தைய வாரத்தைவிடக் கூடியிருந்தது. தின்பது குறைய உடல் வளர்கிறது என்றால் அது நோயாக இருக்க முடியாது. அவள் உப்புமானியில் ஒரு சொட்டு நீரை விட்டுக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். பிறகு, தன் வயிற்றிலும் காலையிலிருந்து பசி எழவில்லை என்பதை நினைவுகூர்ந்து, முகைதீன் பாயின் தேநீர்க் கடைக்குச் சென்று, அங்கே கூடியிருந்தவர்களிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"நல்ல தண்ணியில இருக்கிற இறாலுக்கு ஓய்வே கிடையாது. உடம்புக்குள்ள உப்பு இருக்கு, வெளிய இல்ல. அதனால தண்ணி உள்ள ஏறிக்கிட்டே இருக்கும். அது இறைச்சுக்கிட்டே இருக்கணும். அந்த வேலைக்குத்தான் அது தின்கிறதுல பெரும்பங்கு போகுது. வெளிய இருக்கிற உப்பும் உள்ள இருக்கிற உப்பும் ஏறக்குறைய ஒண்ணாயிட்டா, இறைக்கிற வேலை இல்ல. கொஞ்சம் தின்னா போதும். உப்பு இன்னும் ஏறினா மறுபடியும் தொல்லை. அப்ப உப்பை வெளிய தள்ளணும்."

"அது இறாலுக்கு. எனக்கு ஏன் வடை இறங்க மாட்டேங்குது?" என்றார் முகைதீன் பாய்.

"உங்களுக்கும் அதேதான், பாய்."

"அப்படியா. நான் வடையிலதான் கோளாறுன்னு நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்பைத் தணித்தார். அதற்கு மேல் அதைப் பற்றி விவாதம் நடக்கவில்லை.

ஊர் என்பது எதையும் பழக்கமாக்கிக்கொள்ளும் தன்மையுடையது. அரசாங்கத்தைப் பழக்கமாக்கிக்கொண்டவர்களுக்குப் பசியின்மை பெரிய காரியம் அன்று. சில மாதங்களுக்குள் எல்லாம் தெளிந்துவிட்டது. மழை கொட்டிக் குளம் நன்னீரானால் ஊர் முழுவதும் பேய்ப்பசி எடுக்கும், அடுப்புகள் அணையாது, பெண்கள் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை இட்லிப் பானைக்கு முன்னால் நிற்பார்கள், ஆண்கள் தின்றும் இளைப்பார்கள். சித்திரை வெயிலில் உப்பு மிஞ்சினால் தின்றதெல்லாம் எங்கே போகிறது என்று தெரியாமல் எல்லாரும் சுவரில் சாய்ந்து கிடப்பார்கள். இரண்டுக்கும் இடையே ஓர் அளவு இருந்தது. அந்த அளவில் குளம் நின்ற நாட்களில் ஒரு கைப்பிடிச் சோற்றில் ஒரு மனிதன் பகல் முழுவதும் வேலை செய்தான், உடம்பு இறகுபோல் இருந்தது, தெருவில் எவரும் எவரோடும் சண்டையிடவில்லை. அதற்கு ஊரார் மத்திமம் என்று பெயரிட்டார்கள்.

மத்திமத்தைக் காக்கும் பொறுப்பு லஸ்கர் வேதமாணிக்கத்திடம் வந்தது. அவர் பொதுப்பணித் துறையின் கரைக் காவலர். மேற்கே நன்னீர்க் கதவின் சாவியும் கிழக்கே வளைந்த கதவின் சக்கரமும் அவர் கையில் இருந்தன. வயல்களுக்கு மேல்மடை வாய்க்கால் தனியாக இருந்தபடியால் விவசாயிகள் எவரும் மறுப்புச் சொல்லவில்லை. தில்லைக்கரசி காலையில் உப்புமானியைப் பார்ப்பாள். முகைதீன் பாய் தேநீர்க் கடைப் பலகையில் சுண்ணாம்பால் எழுதுவார். வேதமாணிக்கம் அதைப் படித்துவிட்டு மேற்குக் கதவைச் சற்றுத் தூக்குவார் அல்லது கிழக்குச் சக்கரத்தைச் சற்றுத் திருப்புவார். வளைந்த கதவைப் பழுதுபார்க்கப் பொறியாளர் ஒருவர் வந்தபோது ஊரே திரண்டு அவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்து, கதவு நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, வந்த பேருந்திலேயே ஏற்றி அனுப்பியது.

இவ்வாறு மூன்று ஆண்டுகள் சென்றன. பாத்திரங்கள் சிறுத்தன. ஒரு சாண் உயரப் பானையில் ஒரு குடும்பத்துக்கு உலை வைத்தார்கள். நியாயவிலைக் கடை அரிசி மூட்டை மூட்டையாகப் பரண்களில் தங்கியது. சாவு வீட்டுப் பதினாறாம் நாள் விருந்துக்கு ஒரு தூக்குவாளிச் சாம்பார் போதுமானதாக இருந்தது. தேர்தலுக்கு நின்றவர் பிரியாணிப் பொட்டலம் கொண்டுவந்து, அவற்றைத் திரும்ப எடுத்துச் சென்றார். புதிதாக மணமுடித்து வரும் மருமகள்கள் முதல் மாதம் திருட்டுத்தனமாகத் தின்றார்கள். ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைவரை இந்த ஊரில் உறங்கி எழுந்தபின் அவர்களும் மத்திமத்துக்கு வந்தார்கள். வெளியூரிலிருந்து வந்துபோகிறவர்களை அது தொடுவதில்லை.

ஊர்ப் பொதுவுக்கென்று மூன்று பெரிய பாத்திரங்கள் இருந்தன; கல்யாணம், காது குத்து எதுவானாலும் அவற்றில்தான் சமையல். இப்போது அவற்றுக்கு வேலை இல்லை. பித்தளை அண்டா ஈயம் பூசுவாரில்லாமல் களிம்பேறிக் கோயில் மண்டபத்தில் கிடந்தது. அலுமினிய அண்டாவில் கோழி அடைகாத்தது. மூன்றாவதான எவர்சில்வர் அண்டாவைத் தில்லைக்கரசி பஞ்சாயத்தில் கேட்டு வாங்கிக்கொண்டாள். பித்தளை இறாலைக் கொல்லும், அலுமினியத்தை உப்பு அரிக்கும், எவர்சில்வரே அவளுக்கு ஏற்றது. ஆற்று இறால் வாழ்வது நன்னீரில் என்றாலும் அதன் குஞ்சு நன்னீரில் பிழைக்காது. வயிற்றின்கீழ் முட்டைகளைச் சுமந்துகொண்டு தாய் இறால் ஆற்றோடு இறங்கிக் கழிமுகத்து உப்புநீருக்கு வரும்; அங்கே குஞ்சு பொரிக்கும்; குஞ்சுகள் வளர்ந்து தாமாக மேலேறிப் போகும். சட்ரஸ் கட்டிய நாளிலிருந்து அந்தப் பாதை அடைபட்டிருந்தது. அந்தப் பாதையைத் தில்லைக்கரசி அண்டாவுக்குள் அமைத்தாள். முட்டை தாங்கிய தாய்களைத் தேர்ந்தெடுத்து மத்திம உப்பில் அதனுள் விட்டு, குஞ்சுகளை எடுத்து, குளத்துக்குப் பழக்கினாள். அடுத்த ஆண்டுக்கான குளம் முழுவதும் எப்போதும் அந்த அண்டாவுக்குள் இருந்தது.

நான்காம் ஆண்டு ஆவணியில் அவளுடைய ஒரே மகள் நிறைமதிக்கு மேற்கே கரும்பூரிலிருந்து வரன் வந்தது. நிறைமதி வெளியூர் விடுதியில் தங்கிப் படிப்பை முடித்துவிட்டுச் சித்திரையில்தான் ஊர் திரும்பியிருந்தாள். பையன் அவளோடு படித்தவன். இருவருக்கும் மனம் ஒத்திருந்தது. சாதகம், சீர் எதிலும் சிக்கல் எழவில்லை. பையனுடைய தந்தை கோவிந்தராசு மட்டும் ஒரே ஒரு விஷயத்தில் தயங்கினார். அவர் நெல் வியாபாரி, வெளிப்படையாகப் பேசுகிறவர்.

"சம்பந்தியம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க ஊர்ல யாருக்கும் பசிக்கிறதில்லன்னு சொல்றாங்க. எங்க வீட்ல களத்து ஆளுங்களோட சேர்த்து ஒரு வேளைக்கு நாப்பது பேர் சாப்பிடுவோம். பசின்னா என்னன்னு தெரியாத பொண்ணு அந்த அடுப்புக்கு வந்து என்ன செய்யும்? அதுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்."

"என் பொண்ணுக்குத் தெரியும்" என்றாள் தில்லைக்கரசி.

"தெரிஞ்சா சந்தோஷம். பரிசத்துக்கு எங்க சனங்களோட வர்றோம். வயிறு நிறைஞ்சு எழுந்தா அன்னைக்கே தட்டை மாத்திக்குவோம். ஒருத்தன் குறையோட எழுந்தாலும், என் பையன் மூஞ்சியைப் பார்க்காம வண்டியைத் திருப்பிருவேன். அவன் ஒரு வருசம் என்கிட்ட பேச மாட்டான். பரவாயில்ல."

தில்லைக்கரசிக்கு அவருடைய பேச்சு பிடித்திருந்தது. நிபந்தனை நியாயமானது என்று அவள் கருதினாள்.

பரிசத்துக்கு நாள் குறித்தார்கள். சமையல்காரர் தங்கமுத்து, வரும் தலைகளைக் கணக்கிட்டு, தம்முடைய பழக்கத்தின்படி அரிசி அளந்தார். தில்லைக்கரசி அதைப் பார்த்துவிட்டு, "வெளியூர் ஆளுங்க. இரட்டிப்பாப் போடுங்க" என்றாள். தங்கமுத்து, "அக்கா, வீணாப் போயிடும்" என்று இருமுறை சொல்லிவிட்டு இரட்டிப்பாகப் போட்டார். வெந்து இறக்கிய சோற்றை வாழையிலையில் குவித்தபோது அது ஒரு மலைபோல் தோன்றியது. ஊர்ப் பெண்கள் அதை வேடிக்கை பார்த்தார்கள். தில்லைக்கரசியும் நிறைவோடு பார்த்தாள். உப்பை ஆயிரத்தில் ஒரு பங்குவரை துல்லியமாக அளக்கத் தெரிந்த அவளுக்கு, மூன்று ஆண்டுகளில் பசியின் அளவு மறந்துபோயிருந்தது என்பது அப்போது தெரியவில்லை.

இரண்டு பேருந்து நிறையக் கரும்பூரார் வந்து இறங்கினார்கள். தாம்பாளங்கள் கூடத்தில் வரிசையாக வைக்கப்பட்டன. முதல் பந்தியில் களத்து ஆட்களும் பெரியவர்களும் அமர்ந்தார்கள். அவர்களோடு, மரியாதைக்காக, உள்ளூர்க்காரர்கள் சிலரும் அமர்ந்தார்கள். உள்ளூர்க்காரர்கள் ஒரு கவளம் உண்டு நிமிர்வதற்குள் விருந்தினர் இலைகளில் சாம்பார்ச் சோறு மறைந்தது, ரசத்துக்குச் சோறு கேட்டார்கள், மோருக்கும் கேட்டார்கள். மலை கரைந்து மேடாயிற்று. மேடு கரைந்து இலையின் நரம்பு தெரிந்தது. தங்கமுத்து கரண்டியைச் சிறிது சிறிதாகச் சாய்க்கத் தொடங்கினார். விருந்தினர் நாகரிகம் உள்ளவர்கள். கரண்டியின் சாய்வைப் பார்த்ததும் இலைக்கு மேல் கையை விரித்து, "போதும், போதும்" என்றார்கள். பந்தலில் இரண்டாம் பந்திக்கு அதைவிடப் பெரிய கூட்டம் காத்திருந்தது.

"போதும்னு சொல்றாங்க அக்கா" என்று தங்கமுத்து ஆறுதலோடு சொன்னார். தில்லைக்கரசியும் அதை நம்பினாள். போதும் என்று சொன்னால் போதும் என்றே பொருள்படும் ஊரில் அவள் வாழ்ந்துவந்தாள்.

அப்போது நிறைமதி, கட்டியிருந்த பட்டுப்புடவையோடு அடுக்களைக்கு வந்தாள். பரிச நாளில் பெண் அடுக்களைக்கு வருவது வழக்கமில்லை.

"அம்மா, யாருக்கும் வயிறு நிறையல."

"போதும்னு சொன்னாங்களே."

"வாய் சொல்லுது. கையைப் பாருங்க. மூணாவது இலையில இருக்கிற தாத்தா, இலையில ஒட்டின மோரை விரலால வழிச்சுக்கிட்டிருக்காரு. அவங்க வீட்டுப் பெரியவரு. விடுதியில நாங்க அப்படித்தான் தட்டை வழிப்போம், அம்மா. ஞாயித்துக்கிழமை ராத்திரி அங்க சாப்பாடு கிடையாது."

தில்லைக்கரசி எட்டிப் பார்த்தாள். பெரியவர் இலையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை விரலால் வழித்துக்கொண்டிருந்தார். ஊரில் எவரும் மூன்று ஆண்டுகளாக ஓர் இலையையும் வழித்ததில்லை. அந்தச் சைகை அவளுக்கு, பள்ளியில் படித்து மறந்துபோன ஒரு பாடம்போல நினைவுக்கு வந்தது. அவளுக்கு முகம் சுட்டது. ஆயினும் வருந்துவதற்கு அது நேரமன்று.

"அரிசி இருக்கா?" என்றாள்.

"அரிசிக்கா பஞ்சம்?" என்றார் தங்கமுத்து. "ஒவ்வொரு பரண்லயும் மூட்டை கிடக்கு. பாத்திரம்தான் இல்ல. என்கிட்ட இருக்கிறதுல வடிச்சா சாயங்காலம் ஆயிரும். பித்தளையில களிம்பு. அலுமினியத்துல ஓட்டை."

மூவரும் கொல்லைப்புறக் கீற்றுக் கொட்டகையைப் பார்த்தார்கள். அங்கே எவர்சில்வர் அண்டா நின்றது. அதனுள் தாய் இறால்கள் அடியில் அசையாமல் கிடந்தன. வயிற்றின்கீழ் முட்டைகள் செம்மஞ்சள் நிறம் மாறிச் சாம்பல் நிறமாகியிருந்தன. இரண்டொரு நாளில் பொரிந்துவிடும். அவற்றை மாற்றிவைக்க அந்த அளவில் வேறு பாத்திரம் ஊரில் இல்லை. குளத்தில் விட்டால், அங்கே ஏற்கெனவே வளர்ந்து திரியும் இறால்கள் குஞ்சுகளைத் தின்றுவிடும்.

நிறைமதி மெல்ல, "அம்மா, வேண்டாம். நான் போய் அவங்க அப்பாகிட்ட சொல்லிக்கிறேன். கொஞ்சம் காத்திருங்கன்னு" என்றாள்.

"சாப்பிட வந்தவங்களைக் காக்க வச்சு, அதுக்கு நீ போய் சமாதானம் சொல்லுவியா? நீ போய் உட்காரு" என்றாள் தில்லைக்கரசி. பிறகு வாசல் பக்கம் திரும்பி, "வேதமாணிக்கண்ணே" என்று கூப்பிட்டாள்.

லஸ்கர், பரிசத்துக்காகப் போட்டிருந்த வெள்ளைச் சட்டையோடு வந்தார். அண்டாவையும் அவள் முகத்தையும் பார்த்தார்.

"தங்கச்சி, ஒரு வருசக் குளம்."

"தெரியும்ணே. வெளிவாய்க்கால்ல இப்ப உப்பு எப்படி?"

அவர் வானத்தைப் பார்த்தார். உப்பனாற்றுப் பக்கமிருந்து வந்த காற்றை மோந்தார். "ஓதம் ஏறுது. இன்னும் கொஞ்ச நேரத்துல மத்திமமா நிக்கும்."

"அப்ப அங்கயே விட்டுருவோம். குளத்துல விட்டா ஒண்ணும் மிஞ்சாது. அங்க விட்டா அதுங்க பாடு."

நான்கு பேர் அண்டாவைத் தூக்கிக்கொண்டு கரை மீது நடந்தார்கள். பந்தலில் காத்திருந்த கரும்பூரார் அதைப் பார்த்தார்கள். கோவிந்தராசுவும் எழுந்து பின்னால் சென்றார். சட்ரஸுக்குக் கிழக்கே, படியில் இறங்கி, தில்லைக்கரசி முட்டிவரை நீரில் நின்று உப்புமானியில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். அளவு சரியாக இருந்தது. அண்டாவைச் சாய்த்தார்கள். தாய் இறால்கள் வெயிலில் ஒருமுறை நீலமாக மின்னிக் கலங்கலுக்குள் இறங்கின. அவள் அவற்றைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. அண்டாவைத் தேங்காய் நாரால் தேய்க்கச் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

"என்ன சம்பந்தியம்மா அது?" என்றார் கோவிந்தராசு.

"பாத்திரம் காலி பண்ணினோம். பந்திக்குப் போங்க, சோறு வருது."

அவர் வேதமாணிக்கத்திடம் தனியே கேட்டுத் தெரிந்துகொண்டார். அதன்பின் பந்தலுக்குத் திரும்பி, தம் சனங்களிடம், "யாரும் போதும்னு சொல்லக் கூடாது. போதுமானாத்தான் போதும்னு சொல்லணும்" என்று அறிவித்துவிட்டு அமர்ந்தார். முதல் பந்தியில் எழுந்தவர்களையும் மறுபடி உட்காரச் சொன்னார்.

பரண்களிலிருந்து மூட்டைகள் இறங்கின. அண்டாவில் உலை கொதித்தது. குழம்புக்கு வழி என்ன என்று தங்கமுத்து யோசிப்பதற்குள், மங்கல நாள் என்று எல்லா வீட்டிலும் காய்கறிக் குழம்பே வைத்திருந்தபடியால், நான்கு தெருப் பெண்களும் தங்கள் சாண் உயரப் பானைகளோடு வரிசையில் வந்தார்கள். ஒரு பானை நான்கு இலைகளுக்குப் போதுமானதாக இருந்தது. ஆகவே ஒவ்வொரு நான்கு இலைக்கும் ஒரு குழம்பு. ஒருவர் கத்தரிக்காய்க் குழம்பைத் தின்றுகொண்டே பக்கத்து இலையின் முருங்கைக்காயை ஏக்கத்தோடு பார்த்தார். பிறகு இருவரும் இலைகளை மாற்றிக்கொள்ளலாமா என்று பேசிக்கொண்டார்கள். முகைதீன் பாய் பந்திக்கும் பந்திக்கும் இடையே தேநீர் கொண்டுவந்து, "நல்லா சாப்பிடுங்க. மூணு வருசமா ஒருத்தன் சாப்பிட்டு நான் பார்த்ததில்ல, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு" என்றார். சோற்றில் இலேசாக உப்பு இருந்தது. எவ்வளவு தேய்த்தும் அண்டா அதை விடவில்லை. மூன்றாவது இலைப் பெரியவர் இரண்டாம் முறை உண்டு முடித்து, இலையை வழிக்காமல், தம்மை நோக்கி மடித்தார்.

கோவிந்தராசு கை கழுவிவிட்டுக் கூடத்துக்கு வந்தார். "சம்பந்தியம்மா, எங்க ஆளுங்களுக்கு வயிறு நிறையலன்னு கண்டுபிடிச்சது யாரு? நீங்களா?"

"இல்ல. எனக்குத் தெரியல. அவதான் பார்த்தா."

அவர் நிறைமதியை ஒருமுறை பார்த்தார். "அப்ப சரி" என்று சொல்லிவிட்டுத் தட்டை மாற்றினார்.

அந்த நாளுக்குப் பிறகு ஊர்க்கூட்டத்தில் தில்லைக்கரசி ஒரு விதி கொண்டுவந்தாள்: பௌர்ணமிதோறும் வேதமாணிக்கம் மேற்குக் கதவை முழுதும் திறந்து குளத்தை நன்னீராக்க வேண்டும், அன்று எல்லாரும் பசித்திருந்து, பசித்தவாறே சமைத்து, பெரிய பாத்திரத்தில் உண்ண வேண்டும். பசியை மறப்பது விருந்தினருக்குச் செய்யும் அவமரியாதை என்று அவள் சொன்னாள். சிலர் முணுமுணுத்தார்கள். தேநீர்க் கடைப் பலகையில் சுண்ணாம்பால் எழுதப்பட்டபின் அதுவும் பழக்கமாயிற்று. பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசினார்கள். கோழிக்கு வேறு இடம் பார்த்தார்கள். தில்லைக்கரசியின் குளம் அவ்வாண்டு இறாலின்றி வெறும் நீராகக் கிடந்தது. ஊரின் மத்திமத்துக்காக அவள் அதை வடிக்காமல், சேற்றைக் கலக்கிச் சுண்ணாம்பு போட்டுவைத்தாள். தை மாதம் கல்யாணம் நடந்தது. நிறைமதி மேற்கே போனாள்.

அடுத்த ஆடிப்பெருக்கில் புதுத்தண்ணீர் வந்தபோது, விடியலில் கிழக்குக் கதவின் ஒரு சாண் இடைவெளியில் வேதமாணிக்கம் ஏதோ கறுப்பாக நுரைப்பதைக் கண்டார். விரல் நீள இறால்கள் ஓட்டத்தை எதிர்த்து, இரும்பிலும் சிமென்ட்டிலும் பாசியிலும் காலூன்றி, ஆயிரமாயிரமாய் ஏறிக்கொண்டிருந்தன. தில்லைக்கரசி வந்து பார்த்தாள். தன் குளத்து மதகை ஒரு பகல் திறந்து வைத்து, உள்ளே வந்தவற்றை ஏற்றுக்கொண்டு, மாலையில் அடைத்தாள். மற்றவை மேற்குக் கதவையும் கடந்து மேலே போயின. ஆவணியில் கரும்பூரிலிருந்து நிறைமதி தொலைபேசியில், தங்கள் படித்துறையில் நீலக்கால் இறால்கள் வந்திருப்பதாகவும், மாமனார் அவற்றை எவரும் பிடிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டதாகவும் தெரிவித்தாள்.

ஐப்பசியில் அவள் தலைப்பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்கு வந்தாள். ஏழாம் மாதம். பேருந்திலிருந்து இறங்கிச் சட்ரஸ் பாலத்தின் மீது நடந்து வந்தாள். மழைநீர் நிறைந்த வாய்க்காலில், முட்டை தாங்கிய இறால்கள் சில, கிழக்கு நோக்கி இறங்கிக்கொண்டிருந்தன. அன்று பௌர்ணமி இல்லை. மேற்குக் கதவு மூடியிருந்தது. பலகையில் மத்திமம் என்று எழுதியிருந்தது. ஊரில் எவருக்கும் பசி இல்லை.

வாசலில் பையை வைத்துவிட்டு, "அம்மா, பசிக்குது" என்றாள் நிறைமதி.

தில்லைக்கரசி அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போனாள். அரிசிப் பானைக்கு முன்னால் அமர்ந்து படியைக் கையில் எடுத்தாள். சற்று நேரம் அதைப் பார்த்தாள். பிறகு படியைக் கவிழ்த்து ஓரமாக வைத்துவிட்டு, இரண்டு கைகளாலும் அரிசியை அள்ளத் தொடங்கினாள்.